எந்த ரக்பி?

வணக்கம். ரக்பியைப் பற்றிப் பேச வர வேண்டும் என்று அழைத்தபோது நான் முதலில் கேட்டது, எந்த ரக்பி என்றுதான். சிரித்தார்கள். ஆனால் வட இங்கிலாந்தில், விகன், லீட்ஸ் பக்கம் போய்க் கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்த ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. ரக்பி யூனியனில் அணிக்கு 15 பேர், ரக்பி லீக்கில் 13 பேர். யூனியனில் ஆளைக் கீழே சாய்த்த பிறகும் பந்துக்காக மல்லுக்கட்டு நடக்கும். லீக்கில் விழுந்தவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே தள்ள ஆட்டம் தொடரும், ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்கு. சரி, இதற்காகவா பிரிந்தார்கள் என்றால், இல்லை, பிரித்தது கூலி. சுரங்கத்திலும் மில்லிலும் உழைத்தவர்கள் ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும், அதை ஈடுகட்டித் தர வேண்டும் என்று வடக்குக் கிளப்புகள் கேட்க, காசு என்ற பேச்சே கூடாது என்று தலைமை மறுக்க, 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடித் தனி வழி போய்விட்டார்கள். அப்புறம் நூறு வருடம் தீட்டு மாதிரிதான்: லீக்கில் காசு வாங்கி ஆடியவர் யூனியன் பக்கம் வர முடியாது. 1995இல் யூனியனும் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் கதவு திறந்தது.

திறந்தாலும் ஆட்டம் ஒன்றாகிவிடவில்லை. 1996இல் லீக்கின் விகன் கிளப்பும் யூனியனின் பாத் கிளப்பும் இரண்டு விதிகளிலும் மோதிப் பார்த்தன. லீக் விதியில் விகன் 82–6, யூனியன் விதியில் பாத் 44–19. அவரவர் வீட்டில் அவரவர் ராஜா.

அந்த விகனின் விங், அதாவது கோட்டோரம் ஓடும் ஆட்டக்காரர்தான் நான் சொல்ல வந்த ஜேசன் ராபின்சன். லீட்ஸில் பிறந்தவர், ஐந்தடி எட்டங்குலம், ரக்பிக்குச் சின்ன உருவம். 1996 கடைசியில் பாத்துக்குப் போய்ச் சில மாதம் யூனியன் ஆடிப் பார்த்துவிட்டு விகனுக்கே திரும்பினார். 2000இல் சேல் என்ற யூனியன் அணிக்கு, இந்த முறை நிரந்தரமாக.

மாறி வந்தவர்களில் பலர் திணறியது கூட்டத்துக்குள் பந்தைக் காப்பதில். ராபின்சனின் பலமோ, கூட்டம் சேருவதற்கு முன்பே ஆளைத் தாண்டிவிடும் அந்தக் கால்கள். 2001இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்களைச் சேர்த்து அமைக்கும் லயன்ஸ் அணிக்கு அவரை எடுத்தபோது, இங்கிலாந்துக்கு அவர் ஒரு ஆட்டத்தைக்கூட முதல் நிமிடத்திலிருந்து ஆடியதில்லை, எல்லாம் மாற்று ஆளாகத்தான். பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட், மூன்றாவது நிமிடம், கோட்டோரம் பந்து கைக்கு வருகிறது, எதிரே ஆஸ்திரேலியாவின் கிறிஸ் லேதம், ஓடச் சில அடி இடம்தான். உள்ளே வருவதுபோல் ஒரு போக்குக் காட்டி வெளிப்பக்கமாகவே போய்விட்டார். நான் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை, லேதம் எங்கே தப்பு செய்தார் என்று இன்னும் பிடிபடவில்லை.

2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், சிட்னி, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும். கடைசி நேரத்தில் இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன், பந்தைத் தரையில் விழவிட்டு உதைத்து அடித்த டிராப் கோல், 20–17 வெற்றி, எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு. அன்று விழுந்த ட்ரை, அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது, இரண்டே இரண்டு. முதலாவது ஆஸ்திரேலியாவின் லோட் டுகிரி, உயர உதைத்த பந்தை ராபின்சன் தலைக்கு மேலே எம்பிப் பிடித்துப் போட்டது. பாவம், அவ்வளவு உயர வித்தியாசத்துக்குக் கால் வித்தை என்ன செய்யும்! பாதி நேரம் முடிவதற்குள் ராபின்சன் இடது மூலையில் சறுக்கிக்கொண்டே போய்ப் பதில் ட்ரை போட்டார், எழுந்த வேகத்தில் பந்தைக் குத்தி ஆகாயத்துக்கு அனுப்பினார். டுகிரியும் லீக்கிலிருந்து வந்தவர்தான்.

அடுத்த வருடம் ராபின்சன் இங்கிலாந்தின் கேப்டன். லீக்கில் சம்பளத்துக்கு ஆடிய ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. லண்டனின் ட்விக்கனம் மைதானத்தில், கனடாவுக்கு எதிராக. 70–0. அதில் மூன்று ட்ரை கேப்டனுடையது.