சரிவில் நிற்கும் லயங்கள்: காலநிலை மாற்றமும் இலங்கை மலையகத்தின் காணிக் கேள்வியும்
(மக்கள் மன்றம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, தம் கடமைகளுக்கிடையே வருகை தந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, மண்டபத்தைத் தந்துதவிய ஆலய பரிபாலன சபையினரே, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன்னர் மரநடுகை பற்றிப் பேசிய ஆசிரியை அவர்களுக்கும், எனக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவித்த மாதர் சங்கத்தாருக்கும் நன்றி கூறாமல் உரையைத் தொடங்குவது முறையன்று.

காலநிலை மாற்றத்தின் காரணம், மின்சக்தி, காணி ஆகிய மூன்றைப் பற்றியும் பேசுவதாக ஏற்பாட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மூன்றுக்கும் பொருந்தும் முதுமொழி ஒன்று நம்மிடம் உண்டு: வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கப்பட்டதாலும் காடுகள் அழிக்கப்பட்டதாலும் இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. விடியற்காலைக் குளிரில் நாம் போர்த்தும் கம்பளி உடற்சூட்டை வெளியே விடாததுபோல், இவ்வாயு பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே மழை கொட்டும்போது முன்னைவிடக் கடுமையாகக் கொட்டுகிறது. அந்த நீர் செங்குத்தான சரிவின் மண்ணுக்குள் நிறைந்ததும் மண்ணின் பிடிப்புத் தளர்கிறது.

மின்சக்திக்கு வருகிறேன். காசல்ரி, மவுசாகலை நீர்த்தேக்கங்களும், தலவாக்கலையில் அணை கட்டி 150 மெகாவாட் தரும் மேல் கொத்மலைத் திட்டமும் நம் மலைகளில் விழும் மழையையே மின்சாரமாக்குகின்றன. கடும் வறட்சியில் மவுசாகலை வற்றி, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில்கள் வெளியே தெரியும்போது, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியையும் எண்ணெயையும் நாடு கூடுதலாக நம்ப வேண்டியிருக்கிறது. 2030இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. கூரைதோறும் சூரியத் தகடு பொருத்துங்கள் என்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளாகிய லயத்தின் கூரை யாருடையது? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் மின்சக்தியைப் பற்றி நான் மேலும் பேசிப் பயனில்லை.

எங்கள் தோட்டத்து மேல் டிவிசனில் அம்மாயி என்று எல்லோரும் அழைக்கும் மூதாட்டி ஒருவர் இருந்தார். ஒரு கார்த்திகை மாதத்தில் அவர் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, மழை விட்டு ரெண்டு நாளாச்சி. பீலித் தண்ணி இன்னும் செம்மண்ணா வருது. மலை உள்ளுக்குள்ள கரையுது" என்றார். லயத்தின் பின்னாலிருந்த வடிகால் கானை ஒட்டி நிலம் வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் விறகுக் குச்சியொன்றைச் செருகி வைத்தார். பொறுப்பானவரிடம் போய்ச் சொன்னபோது, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாலையில் பார்த்தால், இறுகச் செருகிய குச்சி தளர்ந்து உள்ளே விழுந்திருந்தது. மறுபடி மழை பிடித்தது. அம்மாயி யாரையும் கேட்கவில்லை. கோயிலிலிருந்த தப்புப் பறையை எடுத்து லயத்து வாசலில் நின்று அடிக்கத் தொடங்கினார். இந்த நேரத்தில் என்ன பெரட்டு (வேலைக்கு ஆள் கூட்டும் அழைப்பு) என்று சினந்தவர்களும் அவர் முகத்தைப் பார்த்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு நடந்தார்கள். விடிவதற்குள் கடைசி மூன்று காம்பராக்களை, அதாவது லயத்து அறைகளை, மண் மூடியது. ஓர் உயிரும் போகவில்லை. வெள்ளம் வருமுன் அணை போட்டவர் எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாயார்தான். ஆனால் பாடசாலையில் சில வாரங்கள் தங்கவைக்கப்பட்ட அந்தக் குடும்பங்கள், போக வேறு இடமில்லாததால் அதே லயத்தின் எஞ்சிய காம்பராக்களுக்கே திரும்பின.

கொஸ்லந்தை மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்களோடு மக்கள் புதையுண்டார்கள். அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மீண்டும் மலைகளைச் சரித்தது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அளவுகளை வகுத்திருக்கிறது. அவை நல்ல அளவுகள்; எனினும் வெளியேறு என்பவர்கள் எங்கே குடியேறுவது என்பதையும் சொல்ல வேண்டும். இருநூறு ஆண்டுகளாக இம்மலைகளில் உழைப்பவர்களில் மிகப் பலருக்குத் தாம் உறங்கும் தரைக்கு இன்றும் காணி உறுதிப்பத்திரம் இல்லை. வெள்ளம் வருமுன் போட வேண்டிய அணை, நம்மைப் பொறுத்தவரை, பாதுகாப்பான நிலத்தில் நம் பெயரில் ஒரு காணித்துண்டே ஆகும்.

ஆகவே பிரதேச செயலாளர் அவர்களிடம் இன்று ஒரு மகஜரைக் கையளிக்கிறோம். ஒவ்வொரு டிவிசனிலும் அபாய வரைபடத்தைத் தமிழில் காட்சிப்படுத்த வேண்டும். ஆபத்தென அடையாளமிட்ட லயங்களிலுள்ள குடும்பங்களுக்கு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதிய காணி உறுதியோடு, உரிய பரிசோதனை செய்த நிலத்தில் காணி வழங்க வேண்டும். அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் அதற்கான நில அளவையைத் தொடங்க வேண்டும். கையொப்பத் தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. கையொப்பமிட முடியாதவர்கள் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். மை அங்கேயே இருக்கிறது.