சீ எண்டா என்ன? (எங்கட ஊர் வாசிகசாலையில நான் பேசினது)

மேடையில இருக்கிற பிரதேச செயலாளர் அம்மா, ஃபாதர், மௌலவி, எங்கட கோயில் வண்ணக்கர் ஐயா, அதிபர் சேர், வாசிகசாலைப் பொடியன்மார், முன்னுக்குப் பாயில இருக்கிற அம்மாமார், பின்னுக்கு மோட்டர்சைக்கிள்ல இருந்தபடியே கேக்கிற தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம். மேடை ஆக்கள்ல அதிபர் சேர்ர பேர் கடைசியா வந்திட்டெண்டு சேர் கோவிக்கப்படாது, எனக்கு இங்கிலீசு படிப்பிச்சதே அவர்தான், பிழை வந்தா அவர்தான் பொறுப்பு. வண்ணக்கர் ஐயா போர்த்தின பொன்னாடையக் கழட்டாமத்தான் பேசப்போறன், வேர்த்தாலும் பரவால்ல.

இங்கிலீசுச் சொல்லு ஒண்டப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் மூண்டு எடுத்தன், சீ, லுக், வாட்ச். மூண்டுக்கும் நாம பாக்கிறது எண்டுதான் சொல்றம், ஆனா இங்கிலீசுக்காரனுக்கு மூண்டும் வேற வேற. தன்பாட்டுல கண்ணுல படுறது சீ. வேணுமெண்டு கண்ணத் திருப்பினா லுக். வாட்ச்ச மறுகா சொல்றன்.

சீக்கு இறந்தகாலம் சோ. மரம் அரியிற வாளுக்கும் சோ எண்டுதான் பேர். பழமொழிக்கும் இங்கிலீசில சோ எண்டொரு பழைய பேர் இருக்கு. அதால நான் நடுவுல பழமொழி சொன்னா தலைப்ப விட்டுப் போயிட்டான் எண்டு ஒருத்தரும் சொல்லேலா. என்ர பழமொழி உங்களுக்குத் தெரியும்தானே, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஃபாதர் சிரிக்கிறார். ஃபாதர்ர ஆக்களுக்கும் ஒரு சீ இருக்கு, வத்திக்கான ஹோலி சீ எண்டுறது. 2012ல மட்டக்களப்பு தனி மறைமாவட்டம் ஆனதோட இங்கயும் ஒரு சீ வந்திட்டு. ஆனா அதுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்ல, இருக்கை எண்ட லத்தீன் சொல்லுல இருந்து வந்தது, ஆயர்ர கதிரை.

இப்ப ஒரு கதை. சுனாமி அடிச்சு அடுத்த வருசம், 2005. கல்லடியில எங்கட பெத்தா (பாட்டி) தகரக் கொட்டிலுக்குள்ள இருந்தா. ஒரு வெள்ளைக்காரப் பொடியன் கொப்பியும் பேனையுமா இழப்புக் கணக்கு எழுத வந்தான், மொழிபெயர்க்க ஆளில்லாம என்னப் பிடிச்சு இருத்திட்டாங்க. பெத்தா புட்டுக்கு மாக் குழைச்சுக்கொண்டே சொல்றா, தோணி போயிட்டு மனே. நான் இங்கிலீசில சொல்றன். அவன் தலைய ஆட்டி "ஐ சீ" எண்டுறான். ரெண்டு ஆடு போயிட்டு. "ஐ சீ." கலியாணத்துக்கு எடுத்த கூறைச்சீலை போயிட்டு. "ஓ, ஐ சீ." பெத்தா மாக் கைய நிப்பாட்டினா. "இஞ்ச பாரு மனே, நான் எல்லாத்தையும் கடலுக்குக் குடுத்திட்டு இருக்கன், இவன் என்னடா நான் சொல்லச் சொல்ல சீ, சீ எண்டுறான், என்ர சீலை அவனுக்கு அரியண்டமாமா?" எண்டு கேட்டு அகப்பைய எடுத்திட்டா. அவன் பாவம், அகப்பையப் பாத்தும் "ஐ சீ" எண்டான்!

நான் சிரிப்ப அடக்கிக்கொண்டு, பெத்தா, அவன் விளங்குது எண்டுறான், அவங்கட பாசையில கண் தெரியுறதுக்கும் விளங்குறதுக்கும் ஒரே சொல்லுத்தான் எண்டன். பெத்தா கொஞ்ச நேரம் பேசல்ல. "அப்ப எனக்கு சீ இல்ல மனே" எண்டா.

அண்டைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். ஆட்டக் குரலால கண்டுபிடிச்சிருக்கா, உப்பையும் சீனியையும் நாக்குல தொட்டுப் பாத்திருக்கா, ஒரே வீட்டுல இருந்த எங்களுக்குத் தெரியாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா ஒரு கண்ணுல வெள்ளை படர்ந்தது, வில்லைய எடுத்திட்டு புது வில்லை வெச்சாங்க, பாத்தா. மத்தக் கண்ணுல கிளொக்கோமா, உள்ளுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு செத்துப்போச்சு, அது திரும்பி வராது. முதல்ல பக்கப் பார்வைய அரிச்செடுக்குற வருத்தம், நோகாது, அதால ஆளுக்கே தெரியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எண்டு நான் இந்தப் பழமொழியப் பிடிச்சுக்கொண்டு திரியிறது இதாலதான்.

இங்கிலீசுக்காரன் டொக்டர 'சீ' பண்றான். நாம டொக்டரிட்டக் காட்டுறம். நம்மட சொல்லுத்தான் சரி எண்டுறன் நான், பாக்கவேண்டிய ஆள் அவர், கொண்டுபோய்க் காட்டவேண்டிய ஆள் நாம. ஆனா காட்டுறமா? சீனி வருத்தக்காரர் ஒவ்வொருத்தரும் வருசத்துக்கு ஒருக்கா மருந்து விட்டு கண்ணுட உள்பக்கத்தக் காட்டவேணும், இங்க காட்டின ஆக்கள் கைய உயர்த்துங்க பாப்பம். ம்ம். வண்ணக்கர் ஐயா, நீங்களும் உயர்த்தல்ல.

2014ல மண்முனைப் பாலம் திறந்தபிறகு வாவிக்கு மேற்கால இருக்கிற எங்கட படுவான்கரைக்கு, ஆக்கள ஏத்தி வாவி கடக்கிற பாதைக்குக் காத்துக்கிடக்கத் தேவையில்ல. நோயாளி டவுனுக்குப் போகலாமெண்டா மெசினும் டொக்டரும் இந்தப்பக்கம் வரவும் ஏலும்தானே? வெள்ளாமை வெட்டுக்கு முந்தி ஒரு நாள் கண் கிளினிக் இஞ்ச நடத்தவேணும், அதுக்குத்தான் பிரதேச செயலாளர் அம்மாட கையில ஒரு கடிதம் குடுக்கப்போறம். அம்மா போன முறை "பாப்பம்" எண்டவ. மட்டக்களப்பில பாப்பம் எண்டா என்னெண்டு எல்லாருக்கும் தெரியும், இந்த முறை ஐ சீ எண்டாவது சொல்லுங்க அம்மா.

லுக்கயும் வாட்ச்சயும் அடுத்தமுறை கூப்பிட்டா சொல்றன், வாசிகசாலைச் செயலாளர் பொடியன் மணிக்கூட்டக் காட்டுறான், அதுவும் வாட்ச்தான். வெளிய மேசையில வடையும் பிளேன்ரீயும் இருக்கு, கடிதமும் அங்கதான் கிடக்கு, பேனை ஃபாதரிட்ட. கண்ணாடி மறந்துபோட்டு வந்த ஆக்களுக்கு நான் வாசிச்சுக் காட்டுறன்.