பாடமே முடியவில்லை, அதற்குள் ஆராய்ச்சியா?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் ஆராய்ச்சிப் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார்கள். பாடமே இன்னும் முடியவில்லை. நான் போய் என்ன செய்ய முடியும்?"

சரி தம்பி, ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு புள்ளி வைத்து, வரிசையாகக் கோடு போட்டு இணையுங்கள். புள்ளிகளுக்கு 0, 3, 1, 2 என்று எண் கொடுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் இரண்டு முனைகளின் வித்தியாசத்தை எழுதினால் 3, 2, 1. எதுவும் இரண்டு முறை வரவில்லை, பார்த்தீர்களா? எங்கேயும் சுற்றி மூடாமல், கிளை கிளையாகப் பிரிந்து ஒரே துண்டாக இருக்கும் படத்தை மரம் என்கிறோம். புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவு வரை, 0 முதல் எண் கொடுத்து, எல்லா மரத்துக்கும் இப்படிச் செய்ய முடியுமா? 1960களில் எழுந்த கேள்வி. இன்றுவரை நிரூபணம் கிடைக்கவில்லை. கேள்வி புரிவதற்குக் கழித்தல் தெரிந்தால் போதுமே!

முழுதாக இதைத் தீர்க்கச் சொல்லி உங்களிடம் யாரும் தரமாட்டார்கள். ஏதோ ஒரு வகைப் படத்துக்கு மட்டும் பார்க்கச் சொல்வார்கள். அமெரிக்காவில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்தில், பேராசிரியர் ஜோசப் கேலியன் 1977இல் இளநிலை மாணவர்களுக்குக் கோடை ஆராய்ச்சி தொடங்கினார். இப்படி எண் கொடுக்கும் கணக்குகளைப் பற்றிய பெரிய தொகுப்பும் அவருடையதுதான். யாரும் விடை காணாத கேள்விகளை அங்கே மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் எழுதிய கட்டுரைகள் ஆய்விதழ்களில் வந்தன.

அங்கே அரசு அறிவியல் நிதியில் நடக்கும் கோடைத் திட்டங்களின் உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் அனுமதி பெற்றவர்களுக்கும்தான். நமக்கு, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. என்ன படிக்க ஆசை என்று சொந்தமாக எழுதித் தரவேண்டும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். கோடைக்கு வெகு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும், கவனம்.

ஆனால் ஒரு நிரூபணத்தைப் புத்தகம் பார்க்காமல் எழுதத் தடுமாறுகிறீர்களா? அப்படியானால் முதலில் எம்.டி.டி.எஸ். (MTTS) என்கிற கணிதப் பயிற்சி முகாமுக்குப் போங்கள் என்பேன். பேராசிரியர் குமரேசன் 1993இல் தொடங்கியது. நான்கு வாரம். அது ஆராய்ச்சி கிடையாது. ஆசிரியர் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போவார், நிரூபணம் உங்கள் வாயிலிருந்து வரவேண்டும். இரண்டாம் ஆண்டில் எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அந்தப் பழக்கம் வந்துவிட்டால், பத்து நாள் ஒரே கணக்கில் சிக்கி நின்றாலும் பயம் வராது.

அப்புறம், ஐந்து புள்ளியில் மரங்கள் மொத்தம் மூன்று வடிவம்தான். இன்றைக்கு ராத்திரி மூன்றுக்கும் எண் கொடுத்துப் பாருங்கள்.