ஜூன், ஜூலைல ஆஸ்திரேலியா வர்றீங்களா? பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துருங்க

[காட்சி: வீட்டு வாசல், இன்னும் முழுசா விடியல. கார் கண்ணாடி மேல வெள்ளைப் படலம்.]

வணக்கம் மக்களே. இப்ப நீங்க பாக்குறது எங்க வீட்டு வாசல், மெல்பர்ன் புறநகர்ல, ஜூலை மாசம், காலைல 7 மணி, சூரியன் வர இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். கார் கண்ணாடில உப்பு தூவுன மாதிரி வெள்ளையா இருக்குல்ல, அது உறைபனி. பழைய ப்ளாஸ்டிக் கார்டு ஒண்ணை வச்சு சுரண்டினா கருக் கருக்னு உதிரும். சுடுதண்ணி மட்டும் ஊத்திராதீங்க, கண்ணாடி விரிசல் விட்டுரும். இதே நாள் மத்தியானம் இதே நாட்டுல டார்வின்னு ஒரு ஊர்ல 30 டிகிரி அடிக்கும், ஜனங்க அரை டவுசரோட கடற்கரைல நடந்துட்டு இருப்பாங்க.

ரெண்டும் ஆஸ்திரேலியா தான், ரெண்டும் குளிர்காலம் தான். இது புரிஞ்சிட்டா உங்க ட்ரிப் பிளான்ல பாதி முடிஞ்ச மாதிரி.

இங்க பருவம் நம்ம ஊருக்கு தலைகீழ், ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசமும் குளிர்காலம். நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரம் முடிஞ்சு ஸ்கூல் திறக்குற நேரத்துல இங்க ஹீட்டர் போட ஆரம்பிப்போம். பிள்ளைங்களைப் பாக்க வர்ற அம்மா அப்பாங்க நிறைய பேர் வெயிலுக்குத் தப்பிச்சு மே கடைசில கெளம்பி வருவாங்க, வந்து இறங்குறது நேரா இந்தக் குளிருக்குள்ள.

எங்க அப்பா அப்படித்தான் வந்தாரு. ஒரே ஒரு மெல்லிசு ஸ்வெட்டர், அதுவும் ஊட்டி போனப்ப வாங்குனது. முதல் ராத்திரி என்கிட்ட வந்து, "ஏம்மா, வெளியில விட வீட்டுக்குள்ள தானேம்மா அதிகமா குளுருது"ன்னாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. இங்க பழைய வீடுங்க நிறைய ஒத்தைக் கண்ணாடி ஜன்னல் வச்சது, சுவருக்குள்ள குளிர் தடுக்குற ஏற்பாடும் சரியா இருக்காது, வெளியில 7 டிகிரின்னா உள்ளயும் எலும்பு வரைக்கும் ஏறும். அதனால வாடகைக்கு வீடு புக் பண்றவங்க படத்தைப் பாத்து மயங்காம, எந்த ரூம்ல ஹீட்டர் இருக்கு, படுக்குற ரூம்ல இருக்கான்னு ஒரு மெசேஜ் போட்டு கேட்டுருங்க. வயசானவங்க கூட வந்தா இது ரொம்ப முக்கியம்ங்க.

[காட்சி: ஆஸ்திரேலியா மேப், தெற்கே நீல நிறம், வடக்கே ஆரஞ்சு.]

சரி, ஊர் ஊரா வெதர் பாத்துரலாம், ஜூலை மாச சராசரி சொல்றேன். தெற்குல இருந்து ஆரம்பிச்சா ஹோபார்ட்ல பகல் 12, ராத்திரி 4 டிகிரி கிட்ட. மெல்பர்ன் பகல் 14, ராத்திரி 6, 7, மழை கொட்டாது, ஆனா தூறிட்டே இருக்கும், காத்து தான் கொல்லும். கான்பெரா இதை விட மோசம், ராத்திரி பூஜ்யத்துக்கு வந்துரும். சிட்னி கொஞ்சம் இதம், பகல் 17 வரைக்கும் போகும். பெர்த்துக்கு இது தான் மழைக்காலம். பிரிஸ்பேன் வந்தா பகல் 22, நம்ம கொடைக்கானல் மாதிரி சுகமா இருக்கும். இன்னும் மேல கெய்ன்ஸ் 26, டார்வின் 30, மழைன்ற பேச்சே கிடையாது.

நடுவுல பாலைவனம் இருக்கே, அது தனிக் கதை. ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ்னு ஒரு ஊர், உலுருன்னு ஒரு பெரிய பாறை, அந்தப் பக்கம் பகல்ல 20 டிகிரி வெயில் சுளீர்னு இருக்கும், சூரியன் இறங்குன உடனே மளமளன்னு குறைஞ்சு விடியக்காலைல பூஜ்யத்துக்குக் கீழயும் போகும். பாலைவனம்னா சுடும்னு நெனச்சு வர்றவங்க அங்க தான் அதிகமா அவஸ்தைப் படுறாங்க.

அப்போ 12, 14 நாள் லீவுல வர்றவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ஒண்ணு தான், தெற்குல ஒரு ஊர், வடக்குல ஒரு ஊர், காசு இடம் குடுத்தா நடுவுல உலுரு. அஞ்சு சிட்டி ஆறு சிட்டின்னு அடுக்காதீங்க. மெல்பர்ன்ல இருந்து டார்வின் ஃப்ளைட்ல மட்டுமே நாலரை மணி நேரம், சிட்னில இருந்து கெய்ன்ஸ் 3 மணி நேரம், ஊரு ஊரா தாவுனீங்கன்னா ஏர்ப்போர்ட் தான் பாப்பீங்க.

முதல்ல தெற்கு. எல்லாரும் கேக்குறது ஸ்னோ. ஆஸ்திரேலியால பனி விழுமான்னு இன்னமும் ஆச்சரியமா கேக்குறாங்க, நல்லாவே விழும், நியூ சவுத் வேல்ஸ்ல ஸ்னோயி மவுண்டன்ஸ், விக்டோரியால ஆல்ப்ஸ்னே பேரு. இந்தப் பெரிய நிலப்பரப்புலயே உயரமான மலை கோஸியஸ்கோ, 2,228 மீட்டர், அது பக்கத்துல தான் த்ரெட்போ, பெரிஷர்னு ரெண்டு பெரிய ஸ்கீயிங், அதாவது பனிச்சறுக்கு இடம், சிட்னில இருந்து கார்ல 6 மணி நேரம் ஆகும். மெல்பர்ன்ல இருந்து மவுண்ட் புல்லர் 3 மணி நேரம், லேக் மவுண்டன் 2 மணி நேரம். சீசன் ஜூன் ரெண்டாவது திங்கக்கிழமை லீவு வருமே, அந்த வீக்கெண்டுல ஆரம்பிச்சுருவாங்க, ஆனா அப்ப போனீங்கன்னா பல வருஷம் புல்லு தான் தெரியும். பனி பாக்கணும்னே வர்றீங்கன்னா ஜூலை பாதிக்கு மேல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் வச்சுக்கோங்க.

ஸ்கீயிங் கத்துக்கணும்னு ஆசை இருந்தா புல்லர் போங்க. சும்மா பனில விளையாடணும், குழந்தைங்க சறுக்கணும், பாட்டி கைல அள்ளிப் பாக்கணும், அவ்வளவு தான்னா லேக் மவுண்டன் போதும். அங்க டொபாகன்னு ஒரு ப்ளாஸ்டிக் சறுக்குப் பலகை வாடகைக்குக் கிடைக்கும், அதுல உக்காந்து சரிவுல விட்டா அறுபது வயசுக்காரங்களும் கத்திக்கிட்டே போவாங்க, நான் கண்ணால பாத்துருக்கேன். ஜீன்ஸ் மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க, பனி கரைஞ்சு ஈரமாகி அரை மணில கால் மரத்துப் போயிரும். வாட்டர்ப்ரூஃப் பேண்ட், பூட்ஸ் எல்லாம் அடிவாரத்து ஊர்லயே வாடகைக்கு விடுறாங்க, மேரிஸ்வில், மான்ஸ்ஃபீல்ட் மாதிரி ஊர்கள்ல.

கார் ஓட்டிட்டுப் போறவங்க கொஞ்சம் கவனிங்க. மலை ரோட்டுல சக்கரத்துக்கு மாட்டுற பனி செயின் கார்ல கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா ஃபைன். அதையும் அடிவாரத்துல வாடகைக்கு எடுத்துக்கலாம், எடுக்குறப்பவே கடைக்காரர்கிட்ட எப்படி மாட்டுறதுன்னு ஒருதடவை காட்டச் சொல்லுங்க, மேல போய் கை விறைச்ச பிறகு கத்துக்க முடியாது. டீசல் வண்டின்னா குளிர்ல சாதா டீசல் மெழுகு மாதிரி கெட்டியாயிரும், மலைக்குன்னு விக்கிற ஆல்பைன் டீசல் அடிச்சுட்டுப் போங்க. வாடகை காரோட இன்சூரன்ஸ் பனி ரோட்டுல செல்லாம போறதும் உண்டு, அக்ரிமெண்ட்டை ஒருதடவை முழுசா படிங்க. இதெல்லாம் தலைவலின்னா மெல்பர்ன்ல இருந்து டே டூர் பஸ் இருக்கு, முதல்தடவை வர்றவங்களுக்கு நான் பஸ்ஸைத் தான் சொல்லுவேன்.

[காட்சி: சாயங்காலம், கடற்கரை, காத்து சத்தம்.]

அடுத்து ஃபிலிப் ஐலண்ட். இது எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான இடம். மெல்பர்ன்ல இருந்து 140 கிலோமீட்டர், உலகத்துலயே சின்ன வகை பெங்குவின் தினமும் இருட்டுன பிறகு கடல்ல இருந்து கரையேறி வரும், உயரம் 33 சென்டிமீட்டர் தான், எடை ஒரு கிலோ. கோடைல போனா இருட்ட 9 மணி ஆயிரும், குழந்தைங்க தூங்கிரும். குளிர்காலத்துல 5 மணி சொச்சத்துக்கே சூரியன் இறங்கிருது, சீக்கிரம் பாத்துட்டு சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பக் கெளம்பிரலாம். எண்ணிக்கை கோடையை விடக் குறைவு தான், ஆனா ஒரு நாள் கூட வராம இருக்காது.

நாங்க போனப்ப படிக்கட்டு மாதிரி திறந்த கேலரில கடலைப் பாத்து உக்காந்துருந்தோம், அண்டார்டிகால இருந்து நேரா வர்ற காத்து மாதிரி முகத்துல அறைஞ்சுது, அப்பா ரெண்டு சால்வை போத்தியும் நடுங்குறாரு. முதல்ல அலை நுரைல ஒரு வெள்ளைப் புள்ளி தெரிஞ்சுது, அப்புறம் நாலு, அப்புறம் பத்து. எல்லாம் தண்ணி ஓரத்துல நின்னு அக்கம்பக்கம் பாக்குதுங்க, ஒண்ணு பயந்து திரும்ப தண்ணிக்குள்ள ஓடுது, மத்ததும் பின்னாடியே ஓடுது, மறுபடி வந்து நிக்குதுங்க. பிறகு எல்லாம் ஒண்ணாச் சேந்து கும்பலா, ரோடு க்ராஸ் பண்ற ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி, மணல்ல குடுகுடுன்னு ஓடி வந்து எங்க காலுக்குக் கீழ இருந்த பாதைல பொந்தைத் தேடிப் போச்சுங்க. அப்பா குளிரையே மறந்துட்டாரு. அங்க ஃபோட்டோ எடுக்கக் கூடாது, ஃபோன் வெளிச்சம் பட்டா அதுங்க மிரண்டுரும், தயவு செஞ்சு மதிச்சு நடந்துக்கோங்க.

கடலோரமா போற கிரேட் ஓஷன் ரோடு கண்டிப்பா போங்க, முதல் உலகப் போர்ல இருந்து திரும்பி வந்த சிப்பாய்ங்க 1919ல இருந்து 1932 வரைக்கும் வெட்டுன ரோடு அது. பகல் ஒம்பதரை மணி நேரம் தான்றதால காலைல இருட்டோட கெளம்புங்க. முடிஞ்சா ஒரு ராத்திரி தங்கி, வார்னம்பூல் வரைக்கும் போய் லோகன்ஸ் பீச்ல நில்லுங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சதர்ன் ரைட் திமிங்கலம் குட்டி போட அங்க வரும், மேடைல நின்னு இலவசமா பாக்கலாம், பைனாகுலர் ஒண்ணு கைல இருந்தா நல்லது. சிட்னி போறவங்களுக்கு ஹம்ப்பேக் திமிங்கலம், ஜூன் ஜூலைல அண்டார்டிகா பக்கத்துல இருந்து வடக்கே வெதுவெதுப்பான கடலுக்குப் போகும், கேப் சோலண்டர்ல கரைல நின்னே பாக்கலாம். மே கடைசில இருந்து ஜூன் நடு வரைக்கும்னா சிட்னி ஓபரா ஹவுஸ் மேல கலர் வெளிச்சம் போடுற விவிட் திருவிழாவும் சேந்து கிடைக்கும். கிரிக்கெட் பாக்கலாம்னு மட்டும் வராதீங்க, குளிர்காலத்துல எம்சிஜி, அதான் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம், ஃபுட்டின்ற ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டத்துக்குப் போயிரும். அதுவும் பாக்க வேண்டிய அனுபவம் தான்.

உலுருக்கு இது தான் சரியான நேரம், கோடைல வெயில் ஏறுனா காலை 11 மணிக்கே நடைபாதையை மூடிருவாங்க, முகத்துல ஈ மொய்க்கும். இப்ப ஈ குறைவு, பாறையைச் சுத்தி 10 கிலோமீட்டர் நிதானமா நடக்கலாம். மேல ஏற முடியாது, 2019 அக்டோபர்லயே ஏறுறதை நிறுத்திட்டாங்க, அது அங்க உள்ள பழங்குடிகளான அனாங்கு மக்களோட புனிதமான இடம், நம்ம திருவண்ணாமலைல கிரிவலம் போற மாதிரி நெனச்சு சுத்தி நடங்க. விடியல் பாக்கப் போறப்ப கையுறை, குல்லா கட்டாயம். இன்னொண்ணு, ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ்க்கு டிக்கெட் போட்டா உலுரு பக்கத்துல இருக்கும்னு நெனைக்காதீங்க, 450 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. உலுரு பக்கத்துலயே இருக்குற ஏயர்ஸ் ராக் ஏர்ப்போர்ட்டுக்கே போடுங்க.

[காட்சி: நீலக் கடல், படகு ஆடுது.]

வடக்குல கெய்ன்ஸ். கிரேட் பேரியர் ரீஃப்ன்ற பவளப்பாறைக் கடல்ல இறங்க குளிர்காலம் தோதான காலம், ஏன்னா நவம்பர்ல இருந்து மே வரைக்கும் அங்க விஷ ஜெல்லிமீன் சீசன், அது இப்ப முடிஞ்சிருக்கும். தண்ணி 23 டிகிரி கிட்ட இருக்கும், வெட்சூட்னு ஒடம்பை ஒட்டுன நீச்சல் உடை போட்டா குளிராது. ஆனா இந்த மாசங்கள்ல தென்கிழக்குக் காத்து பலமா இருக்கும், படகு ஆடும், வாந்தி மாத்திரையைப் படகு கெளம்புறதுக்கு முன்னாடியே போட்டுருங்க, குமட்டல் வந்த பிறகு போட்டு பிரயோஜனம் இல்ல.

டார்வின் போனா ககாடு தேசியப் பூங்கா. அங்க உள்ள பழங்குடிகளான பினின்ஞ் மக்கள் வருஷத்தை ஆறு பருவமா பிரிச்சு வச்சுருக்காங்க, ஜூன் நடுவுல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் வுர்கெங், அவங்களுக்கு அது தான் குளிர்காலம், நமக்கு அது மார்கழி வெயில் மாதிரி இருக்கும். காலைல முதலைங்க ஒடம்பைச் சூடாக்க கரைல வந்து படுத்துருக்கும், யெல்லோ வாட்டர் படகுல போனா நல்லா பாக்கலாம். வடக்குக்கு இது தான் பீக் சீசன், அதனால ரூமெல்லாம் மாசக்கணக்கா முன்னாடியே போயிரும். ஜூன் கடைசில இருந்து ஜூலை நடு வரைக்கும் இங்க ஸ்கூல் லீவு வேற, முடிஞ்சா அந்த வாரங்களைத் தவிருங்க.

விசா பத்தி சுருக்கமா சொல்லிடறேன். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு 600ன்ற வகை விசிட்டர் விசா, ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டுக்கு ஈடிஏன்ற மின்னணு பயண அனுமதி போதும். சென்னைல இருந்து நேரா ஃப்ளைட் கிடையாது, சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு வழியா வரலாம். ஏர்ப்போர்ட்ல சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் நாட்டுக்குள்ள வர்றவங்க நிரப்புற கார்டுல எஸ்னு டிக் பண்ணுங்க. பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை, விதை இதெல்லாம் எடுத்துருவாங்க, சொல்லிட்டா பொருள் மட்டும் தான் போகும், மறைச்சா பெரிய அபராதம். கறிவேப்பிலை இங்க இந்தியன் கடைல கிடைக்குதும்மா, அம்மாக்களே, கஷ்டப்பட்டுத் தூக்கிட்டு வராதீங்க.

பெட்டில என்ன வைக்கிறதுன்னா, ஒரு தடி ஸ்வெட்டரை விட மெல்லிசா மூணு அடுக்கு நல்லது, உள்ள ஒடம்பை ஒட்டுன தெர்மல், நடுவுல ஃப்ளீஸ்ன்ற மெத்துனு இருக்குற சட்டை, வெளிய காத்தும் மழையும் புகாத ஜாக்கெட். குடை மெல்பர்ன் காத்துல திரும்பிக்கும், தொப்பி வச்ச ஜாக்கெட் போடுங்க. வடக்கே போற அன்னைக்கு ஜாக்கெட்டை ஒடம்புல போட்டுட்டே ஃப்ளைட் ஏறுங்க, உள்நாட்டு பட்ஜெட் ஃப்ளைட்ல கைப்பைக்கு 7 கிலோ தான், கேட்ல நிறுத்தி எடை போடுவாங்க. கெய்ன்ஸ்ல இறங்குனதும் கழட்டி பெட்டிக்குள்ள வச்சுருங்க, திரும்ப மெல்பர்ன் வர்ற வரைக்கும் அது வேணாம்.

உங்களுக்கு எத்தனை நாள் லீவு, யார் யார் கூட வர்றீங்கன்னு கீழ எழுதுங்க, குழந்தையோ வயசானவங்களோ இருந்தா அதையும் சேத்து சொல்லுங்க, எந்த ரெண்டு ஊர் சரி வரும்னு நான் பாத்து சொல்றேன்.