கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். செல்லுக்கு ஆற்றல் கிடைக்க அதிகம் உழைப்பது செரிமானமா, சுவாசமா, ரத்த ஓட்டமா என்பது இன்றைய கேள்வி. நான் ரத்த ஓட்டத்தின் பக்கம்.

"சாப்பாடு இல்லாமல் குளுக்கோஸ் ஏது?" என்று கேட்டார் செரிமான அணித் தலைவர். நியாயம்தான். ஆனால் சிறுகுடல் உறிஞ்சிய குளுக்கோஸை யாரிடம் ஒப்படைக்கிறது? ரத்தத்திடம். அது கல்லீரல் வழியாக உடம்பு முழுக்கப் போகிறது. அந்த ஓட்டம் நின்றால், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

சுவாச அணித் தோழி நுரையீரலின் கோடிக்கணக்கான காற்றறைகளைப் பெருமையாகச் சொன்னார். சரி, ஆக்சிஜன் அங்கே வந்துவிட்டது. அப்புறம் கால் கட்டைவிரலுக்கு எப்படிப் போகும்? திசுக்களுக்குள் தானாகப் பரவுவதென்றால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குத்தான் சரிப்படும். அதனால்தான் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெரும்பாலான செல்களின் வாசல் வரைக்கும் போகின்றன.

அந்தத் தந்துகிக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பல இடங்களில் அது சிவப்பணுவை விடக் குறுகல். சிவப்பணு உடம்பை வளைத்து, நசுங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து போகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் அந்தச் சிவப்பணுவுக்குள், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. தான் சுமப்பதில் துளியும் தன் ஆற்றலுக்கென எடுக்காமல், ஏறத்தாழ 120 நாள் ஓடி ஓய்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

நாம் ஓடும்போது என்ன நடக்கிறது? ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்பும் இதயம், 20 லிட்டர் வரைகூட அனுப்புகிறது. குடலுக்குப் போகும் பங்கு குறைந்து தசைக்குத் திரும்புகிறது. கட்டளை நரம்புகளுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலையைச் செய்வது இதயமும் ரத்தக் குழாய்களும்.

சட்டென்று எழுந்தால் சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருமே, அப்போது வயிற்றில் சாப்பாடு இருக்கிறது. மூச்சும் ஓடுகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடி குறைந்தது, அவ்வளவுதான். எதிரணியினர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நடுவர் அவர்களே, உங்கள் விரல் நகத்தை ஒருமுறை அழுத்துங்கள். வெளுக்கிறது. விடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவக்கிறது. அந்தச் சிவப்பு வந்த வேகத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.