ஒன்பது நிமிட ஆபரா

அவையில் இருக்கும் அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆபரா, அதாவது பேச்செல்லாம் பாட்டாகவே வரும் மேலைநாட்டு இசை நாடகம், என்றதும் பலருக்கும் மனதில் வருவது ஒரே காட்சிதான். நான்கு மணி நேரம் ஓடும், கதாநாயகி சாகிற கட்டத்தில்கூடக் கால் மணி நேரம் பாடிவிட்டுத்தான் சாவாள். இன்றைக்கு நாம் கேட்கப் போவது அந்த ரகம் இல்லை. அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் எழுதிய ‘எ ஹேண்ட் ஆஃப் பிரிட்ஜ்’ சுமார் ஒன்பது நிமிடம்தான். நான்கு பேர் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். ஆட்டம் முடிவதற்குள் ஆபராவும் முடிந்துவிடுகிறது.

பார்பருக்குப் பெரிதாக எழுத வராமல் இல்லை. அவருடைய ‘வனெஸ்ஸா’ 1958 இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் அரங்கேறியது. முழுநீள ஆபரா, அந்த வருடத்து புலிட்சர் பரிசும் அதற்குத்தான். அதற்கு வரிகள் எழுதியவர் ஜான் கார்லோ மெனோட்டி. இருவரும் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைப்பள்ளியில் படித்த காலத்திலிருந்தே இணைபிரியாதவர்கள். மெனோட்டி இத்தாலியின் ஸ்போலெட்டோ நகரில் ஒரு கலைவிழா தொடங்கியிருந்தார். 1959 இல் அந்த விழாவுக்காக இருவரும் சேர்ந்து செய்ததுதான் இந்தச் சீட்டாட்டம்.

என் கட்சி இதுதான்: இந்தக் குட்டி ஆபராக்களுக்கு அரங்கத்தைவிட இசைத்தட்டுதான் பொருத்தமான மேடை. யோசித்துப் பாருங்கள். ஒன்பது நிமிடத்துக்காக யார் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள்? நான்கு பாடகர்கள், ஒரு சிறிய ஆர்கெஸ்ட்ரா, நடத்துனர், ஒத்திகை என்று செலவென்னவோ ஆகத்தான் செய்யும். அதனால் அரங்கத்தார் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டி ஒரு மாலையை நிரப்புவார்கள். மெனோட்டியின் ‘தி டெலிபோன்’ 1947 இல் அப்படித்தான் மேடையேறியது. அது லேசான நகைச்சுவை. அதோடு சேர்த்துக் கட்டிய ‘தி மீடியம்’ ஆவிகளோடு பேசுவதாக ஏமாற்றும் ஒரு பெண்ணின் பயங்கரக் கதை. சிரித்துக்கொண்டிருந்தவரை அடுத்த நிமிடமே நடுங்க வைப்பது தனிக் கலைதான், மறுக்கவில்லை. ஆனால் இசைத்தட்டில் அந்தக் கட்டாயம் கிடையாது. எல்பி எனப்படும் நீண்ட இசைத்தட்டு 1948 இல் வந்தபோது ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்தது. குட்டி ஆபராவுக்கு அளவெடுத்துச் செய்தது போல.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இரண்டு தம்பதிகள். சாலியும் பில்லும் ஒரு ஜோடி, ஜெரால்டினும் டேவிட்டும் இன்னொரு ஜோடி. பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் ஜாஸ் வாடையோடு துள்ளிக்கொண்டிருக்க, நால்வரும் ஏலம் கேட்கிறார்கள், சீட்டு இறக்குகிறார்கள். நடுநடுவே ஒவ்வொருவர் மனமாகத் திறந்து நமக்கு மட்டும் கேட்கிறது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவது என்போமே, அதையே பார்பர் இசையாக எழுதிவிட்டார்.

எப்படி எழுதியிருக்கிறார் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சாலியின் சீட்டுகள் மேசையில் விரிக்கப்படுகின்றன. பிரிட்ஜ் ஆட்டத்தில் அப்படிச் சீட்டை விரித்துவிட்டு அந்தச் சுற்றில் ஆடாமல் உட்காருபவருக்கு டம்மி என்று பெயர். எப்போது பார்த்தாலும் நான்தான் டம்மி என்று அலுத்துக்கொள்கிறாள். சும்மா இருக்கும் அவள் மனம், கடையில் பார்த்த மயில்தோகைத் தொப்பியின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. வேண்டும், அந்தத் தொப்பி வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் கணவன் பில் காதில் அந்த அலுப்பு வேறு மாதிரி விழுகிறது. விஷயம் தெரிந்துவிட்டதோ என்று திடுக்கிடுகிறான். அவனுக்கு சிம்பலீன் என்று ஒரு காதலி இருக்கிறாள். இந்த ராத்திரி அவள் யாரோடு இருக்கிறாளோ என்று அவனுடைய டெனர் குரல், அதாவது உச்ச ஸ்தாயி ஆண்குரல், உருகத் தொடங்குகிறது. அந்த ஞாபகத்திலேயே ராணியைத் துருப்பால் வெட்டித் தொலைக்கிறான்.

ஜெரால்டினுக்கு நினைப்பெல்லாம் மரணப் படுக்கையில் கிடக்கும் தாய் மேல். இப்போதுதான் உன்னை நேசிக்கக் கற்றுக்கொள்கிறேன், இப்போது போய்விடாதே என்று கெஞ்சுகிறாள். ஒன்பது நிமிடத்தில் நெஞ்சைப் பிசைவது இந்த இடம் ஒன்றுதான், பார்பரின் கையெழுத்தும் இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. டேவிட் முதலாளிக்குக் கீழ் உழைத்துத் தேய்பவன். அவனுடைய கனவு, பணக்காரர்களின் கடற்கரை ஊரான பாம் பீச்சின் மகாராஜா ஆவது. அந்தக் கனவின் மற்ற விவரங்களை, குழந்தைகளும் இருக்கும் இந்தச் சபையில் சொல்லாமல் விடுகிறேன்.

மேடையில் இதை நடிக்கும்போது மனப்பேச்சு வரும் இடத்தைக் காட்ட ஏதாவது செய்தாக வேண்டும். ஒருவர் மேல் மட்டும் விளக்கைப் போடலாம், மற்ற மூவரையும் சிலை போல நிறுத்தலாம். இசைத்தட்டில் அதெல்லாம் வேண்டியதில்லை. ஏலம் கேட்கும் குரல் வறண்டு, அவசரமாக வருகிறது. மனதின் குரல் நீண்டு இழைகிறது. நம் காதுக்கு அந்த வித்தியாசமே போதும்.

1960 இல் வான்கார்ட் நிறுவனம் வெளியிட்ட பதிவைத்தான் இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். விளாடிமிர் கோல்ஷ்மான் நடத்த, சிம்பனி ஆஃப் தி ஏர் வாசிக்கிறது. அமெரிக்காவின் என்பிசி வானொலி 1954 இல் புகழ்பெற்ற நடத்துனர் டோஸ்கானினியின் ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்தபோது, கலைய மறுத்த கலைஞர்கள் தாங்களே நடத்திய குழு அது. பாடுகிறவர்களில் ஒருவர் பட்ரீசியா நெவே. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ 1959 இல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் மேடையேறியபோது மடத்துத் தலைவியாகப் பாடியவர் அவரேதான். ஆபராவுக்கும் பிராட்வேக்கும் நடுவில் அந்தக் காலத்தில் கதவு திறந்தே கிடந்தது.

எல்லாக் குட்டி ஆபராவும் இசைத்தட்டில் பிழைக்கும் என்று சொல்ல வரவில்லை. லீ ஹாய்பியின் ‘பான் ஆப்பெட்டி’ 1989 இல் வாஷிங்டனில் வந்தது. தொலைக்காட்சியில் சமையல் சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா சைல்டின் நிகழ்ச்சிப் பேச்சையே பாட்டாக்கிய இருபது நிமிட வேலை. ஒரே பாடகி, ஒரு சாக்லேட் கேக். பாடிக்கொண்டே முட்டை அடிக்கிற கையைப் பார்க்காவிட்டால் பாதி வேடிக்கை போச்சு. ‘தி டெலிபோன்’ இதற்கு நேர் எதிர். காதலைச் சொல்ல வந்த பென் தவிக்க, லூசி ஓயாமல் போனில் பேசுகிறாள். மறுமுனையில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதை நாமேதான் ஊகிக்க வேண்டும். கடைசியில் அவன் வெளியே போய் போனில் கூப்பிட்டுக் கேட்க, சரி என்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒன்றும் குறையாது.

இவையெல்லாம் தாத்தா காலத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். வாஷிங்டன் நேஷனல் ஆபரா 2012 இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், இளம் இசையமைப்பாளர்களுக்கு இருபது நிமிட ஆபரா எழுத வாய்ப்புக் கொடுக்கிறார்கள். எனக்கு ஒரு குறைதான்: இப்படிப் பிறக்கும் ஆபராக்கள் ஒன்றிரண்டு மாலைகளோடு நின்றுவிடக் கூடாது. அவற்றை நல்லபடியாகப் பதிவு செய்து வெளியிட்டால்தான் நம்மைப் போல் தொலைவில் இருப்பவர்கள் காதுக்கு வந்து சேரும்.

போதும், பேச்சு ஆபராவைவிட நீண்டுவிட்டது. முதலில் வான்கார்ட் பதிவு. அப்புறம் மாரின் ஆல்சப் ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்கெஸ்ட்ராவோடு செய்த நாக்சாஸ் பதிவு. முதல் தடவை பாடல் வரித் தாளைப் பார்க்காதீர்கள். பெண்குரல் இரண்டில் தாழ்ந்து ஒலிப்பது சாலி, அதைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது. இரண்டும் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், காபி அதற்கப்புறம்தான்.