நாடகம் முடிந்த பிறகு சாப்பிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். லண்டன் வெஸ்ட் எண்டுக்கு நாடகம் பார்க்கப் போனால் எங்கே சாப்பிடுவது, எங்கே உட்கார்ந்து ஏதாவது குடிப்பது என்று பேசுவதற்காக அழைத்திருக்கிறார்கள். கடைப் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வட்டாரத்தில் எங்கே சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ, கவென்ட் கார்டன், ஹேமார்க்கெட், ஸ்ட்ராண்ட், செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் என்று நடந்தே சுற்றிவிடக்கூடிய இடத்துக்குள் ஏறத்தாழ 40 அரங்குகள் இருக்கின்றன. மாலைக் காட்சி பெரும்பாலும் ஏழு அல்லது ஏழரைக்குத் தொடங்கும். அப்படியென்றால் ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பசியோடு இடம் தேடி அலைவார்கள். இவர்களுக்காகவே அங்குள்ள உணவகங்கள் ப்ரீ தியேட்டர் மெனு, அதாவது நாடகத்துக்கு முன் சாப்பிடுவதற்கான பட்டியல், என்று ஒன்றை வைத்திருக்கின்றன. இரண்டோ மூன்றோ வகை, மொத்தமாக ஒரே விலை. தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. வழக்கமான விலையோடு பார்த்தால் மலிவுதான். சமையலறைக்கும் வசதி. என்ன கேட்பார்கள் என்று முன்பே தெரியும், ஏழு மணிக்குள் மேசை காலியாகிவிடும், அதை இன்னொருவருக்குத் தரலாம்.

மலிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த நேரத்துச் சாப்பாட்டில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. ஒரு முறை தங்கை குடும்பம் டொரண்டோவிலிருந்து வந்திருந்தது. எல்லோருமாக ஓர் உணவகத்தில் ஐந்தே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். சூப் உடனே வந்தது. அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஏழு பத்துக்குத்தான் அடுத்த தட்டு வந்தது. தங்கை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள், மைத்துனர் எழுந்து நின்றபடி பில் கேட்கிறார், பிள்ளைகள் கொதிக்கக் கொதிக்க இருந்ததை ஊதி ஊதி விழுங்குகிறார்கள். முடியாத அளவுக்கு ஆட்களை உட்கார வைத்துவிட்டு, வந்தவர்களை இப்படி ஓட வைப்பது சரியே இல்லை. நாடகத்தின் முதல் காட்சி முழுவதும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தோம்.

நேரத்துக்குச் சாப்பாடு வந்துவிட்டாலும் வேறொரு சங்கடம் உண்டு. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். வயிறு நிறைய உண்டுவிட்டு, இருட்டில், கதகதப்பான மெத்தை நாற்காலியில் சாய்ந்தால் கண் சொருகாமல் என்ன செய்யும்? அவ்வளவு காசு கொடுத்து டிக்கெட் வாங்கியது தூங்குவதற்கா? அதனால் நான் சொல்வது இதுதான்: போவதற்கு முன் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். முழுச் சாப்பாட்டை நாடகம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததைப் பற்றிப் பேசவும் ஒரு மேசை வேண்டுமல்லவா.

முன்னால் என்றால், ஒரு காபியும் கடிக்க ஏதாவதும் போதும். மன்மத் ஸ்ட்ரீட்டில் 1978 முதல் இருக்கும் மன்மத் காபிக் கடை சிறியதுதான், ஆனால் காபி அருமை. சாயங்காலமே மூடிவிடுவார்கள், சீக்கிரம் போக வேண்டும். சோஹோவில் கிரீக் ஸ்ட்ரீட்டில் மேசான் பெர்டோ என்ற பிரெஞ்சு கேக் கடை 1871-இலிருந்து நடக்கிறது. பல பேர் சேர்ந்து போகிறீர்கள், ஆளுக்கொரு ருசி என்றால் கேம்பிரிட்ஜ் அரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செவன் டயல்ஸ் மார்க்கெட் சரிப்படும். ஒரே கூரையின் கீழ் பல கடைகள். சீஸ் தட்டுகள் சுழலும் பட்டையில் நம் முன்னால் நகர்ந்து வரும் ஒரு கடையும் அங்கே உண்டு. பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும்.

அரங்குக்குள் போனதும் முதலில் பாருக்குப் போய், இடைவேளைக்கு வேண்டியதைச் சொல்லிக் காசைக் கட்டிவிடுங்கள். இடைவேளை என்பது 15 அல்லது 20 நிமிடம்தான். பாரில் நின்று வாங்கப் போனால் வரிசையிலேயே அது முடிந்துவிடும். முன்கூட்டியே சொல்லிவிட்டால், திரை விழுந்து நீங்கள் வெளியே வரும்போது உங்கள் பெயரோ எண்ணோ எழுதிய சீட்டோடு கண்ணாடிக் கோப்பைகள் சுவரோரப் பலகையில் தயாராக நிற்கும். யாரும் காவல் இல்லை, யாரும் மாற்றி எடுப்பதும் இல்லை. எனக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடிக்கும். மது வேண்டாதவர்களுக்கு எலுமிச்சைச் சாறு போட்ட சோடாத் தண்ணீர் கிடைக்கும்.

பிறகு ஐஸ்கிரீம். இடைவேளை விளக்கு எரிந்ததும் இருக்கை வரிசைகளுக்கு முன்னால் ஊழியர் ஒருவர் தட்டோடு வந்து நிற்பார். சின்னக் காகிதக் கிண்ணம். மூடியைத் திறந்தால் அதற்குள்ளேயே ஒரு குட்டிக் கரண்டி பொதிந்திருக்கும். முதல் இரண்டு நிமிடம் கல்லாக இருக்கும், கரண்டி இறங்காது. உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் ஓரங்கள் முதலில் இளகும், அங்கிருந்து சுரண்டிக்கொண்டு நடுவுக்குப் போக வேண்டும். வெளியே மலிவாக நல்ல ஐஸ்கிரீம் கிடைக்கும்தான். இருந்தாலும் இது இல்லாமல் எனக்கு நாடகம் பார்த்ததாகவே தோன்றாது.

அரங்குக்குள் தின்பண்டம் விற்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. ட்ரூரி லேனில் இருக்கும் தியேட்டர் ராயலில் முதல் கட்டடம் 1663-இல் திறந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் கூடை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு பார்வையாளர் நடுவே நடந்து விற்பார்கள். அப்படி ஆரஞ்சு விற்ற நெல் க்வின் பிறகு அதே மேடையில் நடிகையானார், இரண்டாம் சார்ல்ஸ் மன்னரின் காதலியும் ஆனார். இப்போதிருக்கும் கட்டடம் 1812-இல் எழுந்தது. 2021-இல் பெரிய அளவில் புதுப்பித்துத் திறந்தபோது பகலிலும் எல்லோரும் வந்து தேநீர் அருந்தும்படி வசதி செய்திருக்கிறார்கள். டிக்கெட் இல்லாமலே உள்ளே போகலாம். கட்டடத்தைப் பார்ப்பதற்காகவாவது ஒரு பிற்பகல் போய் வாருங்கள்.

சரி, நாடகம் முடிந்துவிட்டது, மணி பத்து. இப்போது என்ன?

இந்த நேரத்துச் சாப்பாட்டுக்கு லண்டனில் பெரிய மரபு உண்டு. செயின்ட் மார்ட்டின்ஸ் கோர்ட் என்ற சந்தில் ஜே. ஷீக்கி என்று ஒரு மீன் உணவகம் இருக்கிறது. 1896-இல் தொடங்கியது. ஜோசஃப் ஷீக்கி கடல் உணவு விற்ற ஒரு சின்ன வியாபாரி. அந்த இடம் சாலிஸ்பரி பிரபுவுக்குச் சொந்தம், பிரதமராக இருந்த அதே சாலிஸ்பரிதான். நாடகம் பார்த்துவிட்டு வரும் தன் விருந்தினருக்கு நீ சமைத்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அங்கே கடை போட விட்டாராம். அங்கே ‘ஃபிஷ் பை’ என்ற மீன் பண்டம் பேர்போனது. மேலே உருளைக்கிழங்கு மசியல் பொன்னிறமாக மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே வெள்ளைச் சாற்றில் மீன் துண்டுகள். விலை அதிகம். ஏதாவது விசேஷ நாளுக்குப் போகலாம்.

வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் 1917-இல் தொடங்கிய தி ஐவியும், மேடன் லேனில் 1798 முதல் நடக்கும் ரூல்ஸும் இதே வகை. ரூல்ஸில் பழைய ஆங்கிலச் சமையல், வேட்டை இறைச்சி, ஆவியில் வேகவைத்த புட்டிங். பிற்பாடு ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர், நடிகை லில்லி லாங்ட்ரியோடு வந்து உண்ட இடம்.

எனக்கு மனசுக்கு நெருக்கம் ஜோ ஆலன். நியூயார்க் நாடக வட்டாரத்தில் 1965-இல் தொடங்கிய உணவகத்தின் லண்டன் கிளை இது, 1977-இல் வந்தது. இப்போது ஸ்ட்ராண்டுக்குப் பக்கத்தில் பர்லி ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. சுவர் முழுக்க நாடகச் சுவரொட்டிகள். மேடையில் நடித்தவர்களே ஒப்பனையைக் கலைத்துவிட்டு வந்து பக்கத்து மேசையில் உட்காரக்கூடிய இடம். அப்படி யாரையாவது கண்டால் அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை விட்டுவிடுங்கள், பாவம், மூன்று மணி நேரம் உழைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

மேடையும் சமையலறையும் இந்த வட்டாரத்தில் சேர்ந்தே வளர்ந்தவை. ரிச்சர்ட் டாய்லி கார்ட் என்பவர் ஸ்ட்ராண்டில் 1881-இல் சவாய் அரங்கைக் கட்டினார். கில்பர்ட், சல்லிவன் இருவரின் இசை நாடகங்கள் ஈட்டித் தந்த பணத்தில் 1889-இல் பக்கத்திலேயே சவாய் ஹோட்டலைத் திறந்தார். அதன் தலைமைச் சமையற்காரர் எஸ்கோஃபியே. 1890-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பா, கவென்ட் கார்டன் ஓப்பரா அரங்கில் பாடினார். அவர் பாடிய ஓப்பராவில் அன்னம் இழுத்துவரும் படகு ஒன்று மேடைக்கு வரும். அதை நினைவில் வைத்து எஸ்கோஃபியே பனிக்கட்டியில் ஓர் அன்னம் செதுக்கி, அதில் வனிலா ஐஸ்கிரீமும் பீச் பழமும் வைத்து மெல்பாவுக்குப் பரிமாறினார். ராஸ்பெர்ரி கூழ் பின்னால் சேர்ந்தது. உலகமெங்கும் விற்கும் பீச் மெல்பா அங்கே பிறந்ததுதான்.

இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு ஜெரார்ட் ஸ்ட்ரீட் இருக்கிறது, அதாவது சைனாடவுன். லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து இரண்டு நிமிட நடை. மற்ற இடங்களில் நாற்காலியைக் கவிழ்த்து வைக்கும் நேரத்தில் இங்கே சில கடைகளில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ஒரு கிண்ணம் சூடான நூடுல்ஸ், ஒரு கெட்டில் சீனத் தேநீர். பேசுவதற்கு அது தாராளமாகப் போதும்.

பேச்சு என்றதும் டீன் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பிரெஞ்ச் ஹவுஸ் பப்பைச் சொல்லியாக வேண்டும். பீரை அரை பைன்ட் கோப்பையில்தான் தருவார்கள். பாட்டு கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, கைபேசியில் பேசவும் விடமாட்டார்கள். மனிதர்கள் பேசுவது மட்டும்தான் காதில் விழும். பப்புகள் பல 11 மணிக்கு மூடிவிடும் என்பதால் நாடகம் முடிந்ததும் நேரே போய்விடுங்கள். மது தொடாதவர்கள் ஃப்ரித் ஸ்ட்ரீட்டில் பார் இத்தாலியாவுக்குப் போகலாம். 1949-இலிருந்து ஒரு குடும்பம் நடத்தும் காபிக் கடை, நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருக்கும். அந்தக் கட்டடத்தின் மாடியில்தான் 1926 ஜனவரியில் ஜான் லோகி பேர்ட் தன் தொலைக்காட்சியை அறிஞர்களுக்கு இயக்கிக் காட்டினார்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். இப்போது பெரும்பாலான இடங்களில் தனிப்பட்டியல் இருக்கிறது. ஆனால் சுத்த சைவம் என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பார்மசான் சீஸில் பாலைத் திரிய வைப்பதற்காகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்கிறது. காளான் ரிசொட்டோ என்று சொல்லித் தரும் இத்தாலியச் சோற்றில் அதைத் தூவியிருப்பார்கள். நம் சாப்பாடே வேண்டும் என்றால், ஸ்ட்ராண்டில் 143-ஆம் எண் கட்டடத்தில் குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் இந்தியா கிளப் இருந்தது. 1951-இல் தொடங்கியது, கிருஷ்ண மேனன் பெயரோடு சேர்ந்தது. எளிய மேசை, சுவரில் காந்தி படம், சுடச்சுட மசால் தோசை. 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். ஆல்ட்விச் பக்கத்து அரங்குகளுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வருத்தம் இருக்கிறது. நாடக வட்டாரத்தில் வாடகை ஏறிக்கொண்டே போனால் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட மலிவான, பழைய இடங்கள்தான். பிடித்த கடை இருந்தால் ஊர் சுற்றிக் காட்டும் நாளில் மட்டும் போகாமல் சாதாரண நாளிலும் போய்ச் சாப்பிடுங்கள்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வீஸ் சார்ஜ் என்று பெரும்பாலும் 12.5 சதவீதம் சேர்த்திருப்பார்கள். அதற்கு மேல் டிப்ஸ் தர வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியருக்கே போக வேண்டும் என்பது சட்டம்.

பிள்ளைகளோடு போகிறவர்களும், இரவில் நேரம் கழித்து உண்ண முடியாத பெரியவர்களும் மதியக் காட்சிக்குப் போங்கள். இரண்டரைக்குத் தொடங்கினால் ஐந்து மணிவாக்கில் முடிந்துவிடும். சரியாக அப்போதுதான் ப்ரீ தியேட்டர் மெனு ஆரம்பமாகும். அடுத்தவர்களுக்காகப் போட்ட மலிவு விலையில், நாடகம் பார்த்து முடித்த நீங்கள் உட்கார்ந்து சாப்பிடலாம். மாலைக் காட்சிக்குப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கும் அன்றே, முடியும் நேரத்தைக் கேட்டு, அதற்கு அரை மணி கழித்து மேசை சொல்லி வையுங்கள். கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள்.

அப்புறம் வீடு திரும்புவது. வெள்ளி, சனி இரவுகளில் ட்யூப் என்னும் சுரங்க ரயிலின் ஐந்து தடங்கள் விடியவிடிய ஓடும். டூட்டிங் நேயர்களுக்கு நார்தர்ன் தடம், கிங்ஸ்பரி, ஸ்டான்மோர் பக்கத்தவர்களுக்கு ஜூபிலி தடம். ஈஸ்ட் ஹாம்காரர்களுக்கு டிஸ்ட்ரிக்ட் தடத்தில் அந்த வசதி இல்லை, நீங்கள் கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்துவிட்டு இனிப்பு சொல்லுங்கள்.